ஊமைப்படத்து ராஜபார்ட்

சாயங்காலம் ஆறரை மணி. கொட்டகையில் நானூறு பேர். முதலில் சிரித்தவன் பெயர் முனிரத்தினம்.

இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு எந்த அவசியமும் இல்லை, தம்பி. பரமக்குடி வரும்வரை வாயைத் திறப்பதில்லை என்றுதான் ஏறி உட்கார்ந்தேன். ஆனால் பஸ் நடுரோட்டில் நின்றுவிட்டது. டிரைவர் கீழே படுத்துக்கொண்டு எதையோ தட்டுகிறான். நீங்களோ அந்தச் சினிமாப் பத்திரிகையில் ஒரே பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள். அதில் ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். சிரிப்பு நடிகர் என்று கீழே அச்சடித்திருக்கிறார்கள். அதனால்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தப்பாக நினைக்காதீர்கள், உங்களைப் பார்த்து அல்ல.

என் பெயர் சோணாசலம். ராஜபார்ட் மானாமதுரை சோணாசலம் என்றால் உங்கள் அப்பாவுக்குத் தெரியும். ராஜபார்ட் என்றால் நாடகத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவன். வேஷம் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு. கிரீடத்தைத் தலையில் வைத்துவிட்டால் நான் ராஜாதான். அழகர்சாமி வாத்தியார் கம்பெனியில் எனக்கு அந்த இடம். அப்போது மைக் கிடையாது, ஒன்றும் கிடையாது. கடைசியில் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறவன் காதுக்கும் பாட்டு போய்ச் சேர வேண்டும். என் பாட்டு அவனைத் தாண்டி, கொட்டகையைத் தாண்டி, வெளியே டிக்கெட் வாங்காமல் நிற்கிறவன் காதிலும் விழும். அதற்காகவே வாத்தியார் என்னைக் கோபித்துக்கொள்வார்.

ஒரு வழக்கம் இருந்தது. அதைத் தெரிந்துகொண்டால்தான் இந்த அநியாயம் உங்களுக்குப் புரியும். ராஜபார்ட் எடுத்தவுடன் மேடைக்கு வந்துவிட மாட்டான். முதலில் படுதாவுக்குப் பின்னால் நின்று ஒரு விருத்தம் பாடுவான், பிறகு ஒரு பாட்டு. ஜனங்கள் ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் குரலைக் கேட்க வேண்டும். ராணி மேடையில் காத்துக்கொண்டு நிற்பாள். கைதட்டல் வரும், ஒன்ஸ்மோர் கேட்பார்கள், மறுபடியும் பாடுவான். அதன் பிறகுதான் காலை எடுத்து வெளியே வைப்பது. பாடாமல் வந்து நிற்கிறவன் வாயில்காப்போன். ராஜா பாடிவிட்டுத்தான் வருவான். இது நான் ஏற்படுத்தியது இல்லை. எனக்கு முன்னால் எத்தனையோ ராஜாக்கள் பாடிவிட்டுத்தான் வந்தார்கள்.

இப்போது நாயுடுவைப் பற்றிச் சொல்கிறேன். எத்திராஜுலு நாயுடு. பட்டணத்துக்காரர். புரசைவாக்கத்தில் போட்டோப் பிடிக்கிற கடை வைத்திருந்து, அங்கிருந்து சினிமாப் படம் பிடிக்கிற பெட்டிக்குத் தாவியவர். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே பேசுவார். எதிரில் நிற்பவர் சட்டை பாழ். மதுரையில் எங்கள் நாடகத்தை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நான் வேஷம் கலைக்கிற இடத்துக்கே வந்துவிட்டார். கமலவேணி என்று ஒரு காதல் படம் எடுக்கப் போவதாகவும், அதில் நான்தான் மாப்பிள்ளை என்றும் சொன்னார்.

நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. யார் கேட்பார்கள்? பெண் பெயர் கமலவேணி, மாப்பிள்ளை சோணாசலம். கதை முடிந்துவிட்டது அல்லவா?

வாத்தியார் போக வேண்டாம் என்றார். உன்னிடம் இருப்பதே தொண்டை ஒன்றுதான், அவர்கள் எடுப்பது ஊமைப்படம், அங்கே போய் எதைக் காட்டுவாய் என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். வயிற்றெரிச்சல். கடைசியில், போய் வா, திரும்பி வரும்போது ராஜபார்ட் இடம் உனக்கே என்று சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் ரயில் ஏறினேன். அந்த இடம் போனால் எனக்கு வேறு எதுவும் இல்லை, தம்பி. நான் வேறு தொழில் கற்றுக்கொள்ளவில்லை. ராஜாவாக இருக்க மட்டுந்தான் தெரியும்.

கீழ்ப்பாக்கத்தில் ஒரு தோட்ட வீடு. அதற்கு ஸ்டூடியோ என்று பெயர். கூரை கிடையாது. நாலு மூங்கிலை நட்டு மேலே வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். பின்னால் கித்தான் படுதாவில் நந்தவனம் வரைந்திருந்தது, அதில் ஒரு நிலா. நிலாக் காட்சியை உச்சி வெயிலில் பிடித்தார்கள். வெள்ளிக் காகிதம் ஒட்டின பலகைகளைத் தூக்கிப் பிடித்து இருக்கிற வெயிலையெல்லாம் என் முகத்துக்குத் திருப்புவார்கள். சிவப்பு நிறம் படத்தில் கறுப்பாக விழுமாம். அதனால் முகத்துக்கு மஞ்சளாக ஒரு மாவைக் குழைத்துப் பூசினார்கள். வேர்வையில் அது வழிந்து வாய்க்குள் போகும். அந்த ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் எருமை கட்டியிருந்தார்கள். அதனால் ஈ. பாடுவதற்கு வாயைத் திறந்தால் ஈ உள்ளே போகும். ராஜபார்ட் வாயில் ஈ. சீ.

கமலவேணியாக நடித்தவளுக்கு நோட்டீஸில் இந்திராபாய் என்று பெயர் போட்டார்கள். உண்மையில் அவள் பெயர் ஐரிஸ். பெரம்பூரில் ரயில் இஞ்சின் ஓட்டுகிற ஒரு சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர், அவர் மகள். நம் குடும்பத்துப் பெண்கள் படப்பெட்டிக்கு முன்னால் நிற்க மாட்டார்கள் என்று இவர்களைப் பிடித்து வந்து புடவை கட்டிவிடுவார்கள். புடவை இடுப்பில் நிற்காது, ஊசி குத்தி நிறுத்துவார்கள். மத்தியானம் ரொட்டிக்குள் முட்டையை வைத்துத் தின்பாள். தின்ற கையைப் புடவையில் துடைத்துவிட்டு வந்து எனக்கு மாலை போடுவாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு காதல் பண்ணினேன், தம்பி. அதுவும் ஒரு நடிப்புதான். யாரும் பாராட்டவில்லை.

முனிரத்தினம் சர்க்கஸிலிருந்து வந்தவன். கம்பியில் நடந்தபோது விழுந்து, ஒரு கால் கொஞ்சம் இழுக்கும். அந்தக் காலை இழுத்துக்கொண்டே ஓடுவான், தாவுவான், செடிக்குள் தலைகுப்புற விழுவான். படத்தில் அவன் தோட்டக்காரன். ஒரு தோட்டக்காரனுக்கு எதற்கு இத்தனை காட்சி என்று நாயுடுவிடம் ஒரு நாள் கேட்டேன். தோட்டம் பெரிசு என்றார்.

முதல் நாள். நந்தவனத்தில் கமலவேணி நிற்கிறாள். நாயுடு படப்பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வந்து அவள் பக்கத்தில் நில்லுங்கள் என்றார். நான் படுதாவுக்குப் பின்னால் போனேன். எங்கே போகிறீர்கள் என்றார். பாடுவதற்கு என்றேன். இது ஊமைப்படம் என்று அவர் நினைவுபடுத்தினார். படம் ஊமையாக இருக்கலாம், நான் ஊமை இல்லை, பாடாமல் வந்து நிற்க நான் வாயில்காப்போன் இல்லை என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் படச்சுருள் கப்பலில் வருவது, வீணாக்க முடியாதது. நாயுடு மெல்லுவதை நிறுத்தினார். படுதாவைப் பார்த்தார். அங்கே தனியாக நிற்கிற ஐரிஸைப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்து,

"பாடுங்க பாகவதரே. படுதாவுக்குப் பின்னால நின்னு எவ்ளோ நேரம் வேணுமோ அவ்ளோ நேரம் பாடுங்க. நான் அவசரமே படுத்த மாட்டேன்" என்றார்.

பட்டணத்திலும் ஒரு ரசிகன் இருக்கிறானே என்று நினைத்தேன்.

நான் பாடும்போது கண்ணை மூடிக்கொள்வேன். ராகம் உள்ளே இறங்க வேண்டும் அல்லவா? கண்ணை மூடிக்கொண்டு, கித்தானுக்குப் பின்னால், ஈயை ஓட்டிக்கொண்டு, முழு விருத்தமும் பாடினேன். பெட்டியின் கைப்பிடி கடகடவென்று ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என் குரலை இல்லையென்றாலும் என் மரியாதையைப் பிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பாட்டு முடிந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்ஸ்மோர் என்று ஒரு குரல் வந்தது. முனிரத்தினத்தின் குரல். மறுபடியும் பாடினேன். கேட்ட பிறகு பாடாமல் இருப்பது மரியாதை இல்லை.

பாடி முடித்து வெளியே வந்தபோது ஐரிஸ் முகத்தைப் புடவையில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. என்ன இருந்தாலும் பெண் அல்லவா, விருத்தத்தின் சோகம் அவளையும் தொட்டுவிட்டது. பெரிய மனிதத்தனமாகத் திரும்பிக்கொண்டேன்.

தினமும் இதேதான். நான் பாடுவேன், நாயுடு சுற்றுவார். இன்னொரு விஷயம். அந்தப் பெட்டியைக் கையால்தான் சுற்ற வேண்டும். ஒரே வேகத்தில் சுற்றுவதற்காக நாயுடு வாய்க்குள் முனகிக்கொண்டே இருப்பார். என் பாட்டு அவர் கையைப் பிடித்து இழுக்கிறது என்று ஒரு நாள் சொன்னார். நான் விருத்தத்தை இழுத்துப் பாடினால் அவர் கையும் மெதுவாகிவிடுகிறதாம். சங்கீத ஞானம் இருக்கிறவர் கை அப்படித்தான் இருக்கும் என்று நான் அவரைத் தட்டிக்கொடுத்தேன். கை மெதுவாகச் சுற்றினால் திரையில் ஆள் ஓட்டமாக ஓடுவான் என்பதை எனக்கு அவர் சொல்லவில்லை. படுதாவை விட்டு வெளியே வந்த பிறகு நான் கையை நீட்டி, மெல்ல, கண்ணீர் வரும்படி ஒரு பதம் பாடுகிறேன். திரையில் சட்டைக்குள் கட்டெறும்பு புகுந்தவனைப் போல உதறிக்கொண்டு நிற்கிறேன். இதை ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் செய்வானா?

கல்யாணக் காட்சிதான் எனக்குக் கடைசி. அன்றைக்குக் காலையில் ஐரிஸ் என்னிடம் வந்தாள். கையில் ரொட்டி இல்லை. கொஞ்சம் தயங்கி நின்றாள்.

"பாகவதர், கோவிச்சுக்காதீங்க. ஒரே ஒரு தடவ கண்ணத் தொறந்துக்கினு பாடுங்களேன்" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. வேறு எப்படிச் சொல்வாள் பாவம். நான் அவளைப் பார்க்க வேண்டுமாம். எனக்கு ஊரில் குடும்பம் இருக்கிறது, தம்பி. இந்த மாதிரி விஷயங்களில் ஆண்பிள்ளைதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அன்றைக்கு மற்ற நாளைவிட இறுக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். மணவறையில் மாலையோடு உட்கார்ந்து, ஒரு மங்களப் பாட்டு, இரண்டு தடவை. கண்ணைத் திறந்தபோது நாயுடு போதும், பிரமாதம் என்றார். பக்கத்தில் ஐரிஸ் இல்லை. வெயில் தாங்காமல் எழுந்து போயிருப்பாள் என்று நினைத்தேன். தாலி கட்டுகிற காட்சி எப்போது என்றேன். கை மட்டுந்தான் தெரியப் போகிறது, அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறோம் என்றார். நான் ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

படம் தயாரானதும் நாயுடு தந்தி அடித்தார். வாத்தியார் கம்பெனி காரைக்குடியில் கொட்டகை போட்டிருந்தது. ராஜபார்ட்டாக நான் அங்கே போய்ச் சேர வேண்டிய சமயம். போகிற வழியில் பட்டணம் போய் என்னை நானே திரையில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கிளம்பினேன். வழியா அது? மானாமதுரையிலிருந்து காரைக்குடிக்குப் பட்டணம் வழியா? இருந்தாலும் போனேன்.

தங்கசாலைப் பக்கம் ஒரு கொட்டகை. வாசலில் பெரிய எழுத்தில் கமலவேணி என்று கட்டியிருந்தார்கள். அதன் கீழே 'அல்லது' என்று ஒரு வரி. அதற்கும் கீழே 'பாட்டுக்கார மாப்பிள்ளை'. அந்தக் காலத்தில் எல்லாப் படத்துக்கும் இப்படி இரண்டு பெயர் வைப்பார்கள். எனக்கு முதல் பெயரைத்தான் சொல்லியிருந்தார்கள். என்னைப் பற்றித்தானே போட்டிருக்கிறார்கள் என்று அப்போதும் எனக்குச் சந்தோஷந்தான். ஜரிகைத் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனேன்.

ஊமைப்படக் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் கம்பை வைத்துக்கொண்டு நின்று கதை சொல்வான். எழுத்துப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்காக. கீழே ஒருவன் ஆர்மோனியம் வாசிப்பான். படம் ஆரம்பித்தது. நந்தவனத்தில் ஐரிஸ் வந்து நின்றாள். கம்புக்காரன், பொண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளை பெரிய பாட்டுக்காரர், பாடிட்டுத்தான் வருவாராம் என்றான். அவள் சிரித்த முகத்தோடு படுதாப் பக்கம் பார்த்தாள். காத்திருந்தாள். பூவைச் சரிசெய்தாள். மறுபடியும் பார்த்தாள். உட்கார்ந்தாள். விரலை மடக்கி எண்ணினாள். ஒரு எறும்பைப் பிடித்துக் கையில் ஏறவிட்டு, அது முழங்கை வரை போகிறதைப் பார்த்தாள். கொட்டாவி விட்டாள். அப்போதுதான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த முனிரத்தினம் சிரித்தான். உடனே நானூறு பேரும்.

நான் எங்கே? நான் படத்தில் இல்லை. நான் படுதாவுக்குப் பின்னால் பாடிக்கொண்டிருக்கிறேன். என் விருத்தம் ஓடுகிற நேரத்தில் ஆர்மோனியக்காரன் வாசிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கம்புக்காரன் ஜனங்களைத் திரும்பிப் பார்த்து,

"பாட்டு இன்னும் முடியலை. பீடி குடிக்கிறவங்க போயிட்டு வரலாம்" என்றான்.

கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு.

கேளுங்கள், இன்னும் இருக்கிறது. அவள் தூங்கிப்போகிறாள். தோட்டக்காரன் வருகிறான். தண்ணீர் ஊற்றுகிறேன் என்று அவள் காலில் ஊற்றிவிடுகிறான். அவள் முறைக்கிறாள். அவன் செடிக்குள் விழுகிறான். அவள் தூக்கிவிடுகிறாள். அவனுடைய இழுக்கிற காலைப் பார்க்கிறாள், ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுக்கிறாள். இரண்டு பேரும் புல்லில் உட்கார்ந்து தின்கிறார்கள். நடுவில் 'பாட்டு தொடர்கிறது' என்று எழுத்துப் போடுகிறார்கள். அவர்கள் காதலித்தார்கள் என்றால், தம்பி, அது முழுக்க என் பாட்டு ஓடுகிற நேரத்தில். எனக்கு ஐந்து அடி தள்ளி, கித்தானுக்கு அந்தப் பக்கம். நான் உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருக்கிறேன், இந்தப் பக்கம் முட்டை ரொட்டி.

பிறகு கல்யாணம். நான் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறேன். ஐரிஸ் என்னை ஒரு தடவை பார்க்கிறாள். மெதுவாக எழுந்து போகிறாள். அவள் இருந்த இடத்தில் முனிரத்தினம் ஒரு வாழைக்கன்றுக்குப் புடவை சுற்றி உட்காரவைக்கிறான். இரண்டு கைகள் வந்து வாழைக்கன்றுக்குத் தாலி கட்டுகின்றன. அந்தக் கை என் கை இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன். இதோ பாருங்கள் என் கையை, மணிக்கட்டில் தழும்பு. அந்தக் கையில் தழும்பு இல்லை. வேறு எவனோ ஒருவனுடைய கையை வைத்து எனக்கு வாழைக்கன்றைக் கட்டிவைத்துவிட்டார்கள். இதை அன்றைக்கு எழுந்து நின்று சொன்னேன். என் கை இல்லை என்று கத்தினேன். என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். அதற்குப் பிறகு சிரித்தார்கள் பாருங்கள், அதற்கு முன்னால் சிரித்ததெல்லாம் சிரிப்பே இல்லை. ஒருவன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டான். இறங்கி வந்து தலைப்பாகையைத் தேடி எடுத்தேன். யாரோ மிதித்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் கீழ்ப்பாக்கத்துக்குப் போய் நாயுடுவைப் பிடித்தேன். இது காதல் படந்தானே என்று கேட்டேன். காதல் படந்தான் என்றார், ஜனங்கள் சிரிக்கிற காதல். அடுத்த படத்துக்கும் நான்தான் வேண்டும் என்றும், கதையே எனக்காக யோசித்து வைத்திருப்பதாகவும் சொன்னார். என் பாட்டையெல்லாம் படத்திலிருந்து உடனே எடுத்துவிட வேண்டும் என்றேன்.

அவர் என்னை நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "எந்தப் பாட்டு? படத்துல பாட்டே இல்லியே, பாகவதரே" என்றார்.

நான் வெளியே நடந்தேன். வாசலில் ஐரிஸ் நின்றிருந்தாள். என்னவோ சொல்ல வந்தாள். நீங்கள் ரொம்ப நன்றாக வந்திருக்கிறீர்கள், எல்லோருக்கும் உங்களைத்தான் பிடித்திருக்கிறது என்று என் பின்னாலேயே வந்து சொன்னாள். முட்டை வாடை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் முனிரத்தினமும் பிறகு பரங்கிமலைப் பக்கம் குடித்தனம் வைத்துவிட்டதாகக் கேள்வி. நன்றாக இருக்கட்டும்.

காரைக்குடிக்குப் போய்ச் சேர்ந்தேன். ராஜபார்ட் இடம் எனக்காகக் காத்திருந்தது. வாத்தியார் வாக்குத் தவறவில்லை. கிரீடத்தை வைத்ததும் உடம்புக்குள் உயிர் வந்தது. அன்றைக்கு நாட்டை இழந்து, பிள்ளையைப் பறிகொடுத்து, சுடுகாட்டுக்குக் காவல் நிற்கிற ராஜா வேஷம். மேடையில் ராணி, மடியில் செத்த பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறாள். நான் படுதாவுக்குப் பின்னால் விருத்தத்தை எடுத்தேன். அந்த இடத்தில் பெண்கள் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்கும், எப்போதும் கேட்கும். அன்றைக்கு முன்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். சத்தமாக. கமலவேணி அதற்குள் காரைக்குடிக்கும் வந்து ஓடிவிட்டுப் போயிருந்தது, எனக்குத் தெரியாது. இன்னொருவன் கொட்டாவி விட்டான். பிறகு வரிசையாக எல்லோரும். பின்னாலிருந்து ஒருத்தி, 'பாட்டு இன்னும் முடியலை' என்றாள். பெண்பிள்ளை, தம்பி. நான் பாட்டை நிறுத்தவில்லை. முழுவதும் பாடிவிட்டுத்தான் வெளியே காலை வைத்தேன். வைத்ததும் கைதட்டினார்கள் பாருங்கள், என் ஆயுளில் அப்படி ஒரு கைதட்டல் வாங்கியதில்லை. ராணி வேஷக்காரன் உதட்டைக் கடித்துக்கொண்டான். செத்துக்கிடந்த பிள்ளை சிரித்தான்.

வேஷம் கலைத்ததும் வாத்தியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சோணாசலம், உன்னைப் பார்த்தாலே ஜனங்களுக்குச் சந்தோஷமா இருக்குப்பா. இது எல்லாருக்கும் அமையாது. பபூன் வேஷம் கட்டு, நானே பாட்டு எழுதித் தாரேன்" என்றார்.

பபூன். முகத்தில் கரியும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு வருகிறவன். நான் அவருக்கு முன்னால் துப்பினேன். அவர் மீது இல்லை, தரையில். அதோடு கம்பெனியை விட்டு மானாமதுரைக்கு வந்துவிட்டேன். ரங்கூனிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஆள் விட்டார்கள், எல்லாம் பாட்டுக்கார மாப்பிள்ளை வேண்டும் என்று. ஒருவனையும் படியேற்றவில்லை. வீட்டுக்காரி, ஜனங்கள் சிரித்தால் உங்களுக்கு என்ன குறைந்துபோயிற்று என்று கேட்டாள். அவளுக்கு என்ன தெரியும். அவளும் அந்தப் படத்தைப் பார்த்தாளா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

அப்புறம் டாக்கி வந்தது. பேசுகிற படம், பாடுகிற படம். நான் சிரித்தேன், தம்பி. வருஷக்கணக்கில் நான் சிரித்தது அன்றைக்குத்தான். இனிமேல் படுதாவுக்குப் பின்னால் நின்றாலும் என் குரல் வரும். கம்புக்காரனுக்கு வேலை இல்லை. விருத்தத்தை ஒரு தடவை ஜனங்கள் காதால் கேட்டுவிட்டால் அந்த ஊமைப்படம் மறந்துபோகும், மறுபடியும் என்னை ராஜா என்பார்கள். தொண்டையைப் பாலும் மிளகுமாக வைத்துக் காப்பாற்றிக்கொண்டு, பட்டணத்தில் ஒரு டாக்கி ஸ்டூடியோவுக்குப் போனேன்.

அங்கே டைரக்டர் ஒரு சின்ன வயசுக்காரன். பம்பாயில் தொழில் படித்தவன், கால்சட்டை. மூங்கிலில் ஒரு மைக்கைத் தொங்கவிட்டு என்னைப் பாடச் சொன்னான். கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். பாடி முடித்ததும் யாரும் பேசவில்லை. அந்தச் சத்தம் இல்லாத நேரம் இருக்கிறதே, அது எனக்குப் போதும் என்று தோன்றியது. அவன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் பாட்டுக்கார மாப்பிள்ளையை ஏழு தடவை பார்த்தானாம். அதைப் பார்த்துத்தான் சினிமாவுக்கே வந்தானாம்.

பிறகு எனக்கு வைத்திருக்கிற வேஷத்தைச் சொன்னான். பெண்ணுக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளை, பெரிய பாட்டுக்காரன், பக்கத்தில் ஒரு பஞ்சு மில். அவன் எப்போது வாயைத் திறந்தாலும் மில் சங்கு ஊதிவிடும்.

"வாய்ஸ் பிரமாதம் சார். இவ்வளவு நல்ல வாய்ஸை ஒரு இடத்துலகூட கேக்க விடக்கூடாது. அதுதான் தமாஷே" என்றான்.

அவனிடம் நான் என்ன சொன்னேன் என்பதை இந்தப் பஸ்ஸில் பெண்கள் இருக்கும்போது சொல்ல முடியாது. மைக்கைத் தள்ளிவிட்டேன். அது கீழே விழுந்து ஆடிக்கொண்டிருந்தது. வெளியே வந்து ஒரு மரத்தடியில் நின்று வாந்தி எடுத்தேன், காலையில் குடித்த பாலும் மிளகும். ஒரு மனிதனை எத்தனை தடவை இப்படிச் செய்வார்கள்? சினிமா என்றால் சாக்கடை, தம்பி. அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். நீங்கள் அந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிடுங்கள்.

1937-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் பதினேழாம் தேதி, சனிக்கிழமை, அந்த டாக்கி மதுரையில் வெளியானது. சங்கு ஊதும்போது வாயைத் திறந்துகொண்டு நிற்கிறவன், திரும்பிப் போய் ஒப்புக்கொண்ட நான்தான்.